பட வேண்டிய அம்பு

எங்கள் கோயில் வாசாப்பில் நான்கு தரம் வில் எய்திருக்கிறேன். முதல் மூன்று தரமும் ஒருத்தருக்கும் படவில்லை. படாமல் எய்வதுதான் அங்கே வேலை. நாலாம் தரம் பட்டது. கை தவறிப் பட்டதென்று ஊர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறது. நம்பட்டும், எனக்கென்ன. நான் எய்த அம்பு எங்கே போகப்போகிறது என்று எனக்குத் தெரியாமல் அது என் கையை விட்டுப் போனதில்லை.

விடத்தல்தீவுக்குக் கிட்டிய கடலோரக் கிராமம் எங்களுடையது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தை மாதத் திருநாளுக்கு, அம்பால் வதைக்கப்பட்டு, வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் கதையை வாசாப்பாகப் போடுவோம். வாசாப்பென்றால் பாட்டிலேயே நடக்கும் எங்கள் கத்தோலிக்க வேதக்காரரின் கூத்து. மற்ற ஊர்களில் இந்தக் கட்டம் வரும்போது வில்லை வளைத்துக் காட்டிவிட்டு, முன்னமே ஒட்டி வைத்த அம்பைத் துணி விலக்கிக் காட்டுவார்கள். சனமும் அழும். எங்கள் ஊரில் அந்தப் பொய் இல்லை. வேதசாட்சியாக நிற்பவரைத் தூணில் கட்டி, இரண்டு பக்கமும் வாழைக்குற்றி நட்டு, காலை அகட்டிப் பன்னிரண்டு கவடு வைத்துத் தள்ளி நின்று மூன்று அம்பு எய்ய வேண்டும். ஆணி முனை வைத்த அசல் அம்பு. ஒன்று வலத்தோளுக்கு வெளியே, ஒன்று வலது விலாவுக்கு வெளியே, கடைசி அம்பு இடப்புயத்துக்கு வெளியே. மூன்றும் குற்றியில் ஏற வேண்டும். கூத்து விடிய விடிய நடந்தாலும் இந்தக் கட்டத்தை மட்டும் முதலில் வைத்துப் பின்னேர வெயிலிலேயே முடித்துவிடுவோம். விளக்கு வெளிச்சத்தில் மனிதனைப் பக்கத்தில் வைத்து எய்ய ஒரு விசரனும் சம்மதிக்கமாட்டான்.

வில்லெய்யும் சேவகன் வேடம் எனக்கு வந்தது என் வாயால். சண்டை முடிந்து, இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்து, கூரை போட்டு முடித்த பிறகு கோயில் முற்றத்தில் கூட்டம் கூடினார்கள். கூத்துப் போட எல்லாருக்கும் விருப்பம். வில்லை எடுக்க மட்டும் ஒருத்தனும் இல்லை. ஒரு ஆளை நோக்கி எதையாவது நீட்டிப் பிடிக்க அந்த நேரத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. அவனவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப பேசாமல் கூத்தை நிப்பாட்டிப்போட்டு வீட்ட போவம். என்ன கோதாரிக்கு வேலை மினக்கெட்டுக் கூட்டம் கூடினது?" என்று கத்தினேன். கோயில் மூப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்ப நீ எய்யன்," என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

வில், முற்றிய கமுகை நீளத்துக்குப் பிளந்து செதுக்கியது. வருடம் முழுக்கக் கோயில் பின் அறையில், புனிதரின் சுரூபத்தைத் தூக்கும் கொம்புகளோடு சாத்தியிருக்கும். நாண் நான் திரித்தது, வலை நூலை ஆறு இழையாக முறுக்கி, பீடத்தில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரிக் கட்டையால் தேய்த்து. அம்புக்கு மெல்லிய மூங்கில், சேவல் இறகு, தலை வெட்டி அரத்தால் கூராக்கிய ஆணி. நான் நண்டு வலை போடுகிறவன். நூலும் முடிச்சும் எனக்குப் புதிதில்லை. குறிதான் புதிது. முதல் வருடம் பழகும்போது நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று: ஆளைப் பார்த்தால் அம்பு ஆளிடம் போகும். ஆள் அங்கே நிற்பதையே மறந்து, வாழைக்குற்றியில் ஒரு கீறலைப் பார்த்துக்கொண்டு நாணை விட்டால் அந்தக் கீறலுக்குப் போகும். மூன்று கூத்திலும் வேதசாட்சியாக நின்ற மூன்று பேரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. அவர்கள் ஒரு கீறலும் படாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள்.

வேதசாட்சியாக நிற்க நேர்த்திக்கடன் உள்ளவர்கள்தான் கேட்கலாம். ஒருவருக்கு மேல் கேட்டால் சீட்டு எழுதி எடுப்பார்கள். என் அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், மூன்று தரமும் பெயர் கொடுத்தவர். மூன்று தரமும் விழவில்லை. நாலாம் தரம் விழுந்தது. கோயில் பாதர் சீட்டை விரித்துப் பெயரை வாசித்ததும் அத்தான் அப்படியே மணலில் முழங்காலில் இருந்துவிட்டார். அவருடைய நேர்த்தி என்னவென்று ஊரில் கேட்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஒரே பிள்ளை. கடைசிச் சண்டையின் முடிவில், சனத்தோடு சனமாக வெளியே வந்த இடத்தில், அவனை ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மேல் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அக்கா அன்றிலிருந்து அவனுடைய படத்தைச் சட்டம் போட்டு வைத்துக்கொண்டு, மாதாமாதம் மன்னார் ரவுனில் பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் மற்றத் தாய்மாரோடு ரோட்டோரம் போய் இருந்துவிட்டு வருகிறாள். அத்தான் அங்கே போகமாட்டார். அவர் வேதசாட்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சீட்டு விழுந்த கிழமையே அத்தான் என் வீட்டு வளவுக்கு வந்தார். ஆவணி மாதம், சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் வலையில் நண்டு கடித்து அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தினார்.

"தம்பி, மூண்டாவது அம்பு எனக்குப் பட வேணும்."

"என்ன?"

"கனக்க வேண்டாம். புயத்தில உரசிக்கொண்டு போனால் காணும். ரத்தம் வர வேணும்."

"உங்களுக்கு விசரே அத்தான்? எழும்பிப் போங்கோ."

அவர் எழும்பவில்லை. எங்கள் அப்பாவின் காலத்தில் நடந்த ஒன்றை எடுத்தார். எனக்கும் தெரிந்த கதைதான், ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒரு கூத்தில் அம்பு தவறி, வேதசாட்சியாக நின்றவரின் காதைக் கிழித்துவிட்டது. அதற்கு முந்தின கிழமை காற்றில் இழுபட்டுப் போன ஒரு வள்ளம், மூன்று பேரோடும் இந்தியக் கரையில் ஒதுங்கியிருப்பதாக அடுத்த நாள் செய்தி வந்தது. அழுது முடித்துக் கறுப்புச் சீலை எடுக்கப் போன பெண்சாதிமார் சிரித்துக்கொண்டு ஓடினார்களாம். அன்றிலிருந்து, அந்தத் தூணில் ரத்தம் பட்டால் காணாமல் போனவர் வருவாரென்று ஊருக்குள் ஒரு பேச்சு. பேச்சுத்தான். அதற்காக யாரும் வேண்டுமென்று எய்ததில்லை.

"காத்து மாறினதால வள்ளம் ஒதுங்கினது. ரத்தத்தால இல்லை," என்றேன்.

"காத்தை மாத்தினது ஆர்?"

நான் வலையைத் தூக்கி எறிந்தேன். அவர் குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். "பிள்ளை வந்தால் செய்யிறன் எண்டுதான் எல்லாரும் நேருறவை. நான் அப்பிடி நேர்ந்து நேர்ந்து களைச்சுப்போனன். இப்ப நான் முதல் செய்யிறன். நான் செய்தாப் பிறகு அந்த வேதசாட்சி என்னெண்டு இல்லையெண்டு சொல்லுவார்? சொல்லேலாது."

"பாதருக்குத் தெரிஞ்சால் என்ன நடக்கும் தெரியுமே?"

"ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. உன்ர அக்காவுக்கும்தான். கை தவறினதாத்தான் இருக்க வேணும்."

"அப்ப என்ர பேர்?"

"உன்ர பேர் கெடும்தான். அதுதான் உன்னட்ட வந்தனான். வேற ஆரிட்டப் போய் இதைக் கேப்பன் தம்பி?"

நான் ஓமென்று சொல்லவில்லை. ஏலாதென்றும் சொல்லவில்லை. பெடியன் உயிரோடு இருக்கிறான் என்று நான் ஒரு நாளும் நம்பியதில்லை. அதை அத்தானுக்கோ அக்காவுக்கோ முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் எனக்கில்லை. இத்தனை வருடமும் அவர்கள் அவனைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் "வருவான், வருவான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இப்போது விலை கேட்டு வந்து நிற்கிறார் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் அக்காவிடம் போய், வள்ளம் துடைக்க என்று சொல்லி அத்தானின் பழைய நீளக்கைச் சட்டை ஒன்றை வாங்கி வந்தேன். அதன் இடக்கைத் துணியை வெட்டி, மணல் நிரப்பி, இரண்டு முனையும் கட்டி, வீட்டின் பின்னால் கண்டல் மரங்களின் பக்கம் நட்ட வாழைக்குற்றியின் ஓரத்தில் தூக்கிக் கட்டினேன். உரசினால் துணி கிழிந்து மணல் கொட்டும். நடுவில் பட்டால் அம்பு உள்ளே நிற்கும். உள்ளே நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். புயத்தில் பெரிய நரம்பு ஓடுகிறது, எலும்பு இருக்கிறது. கொஞ்சம் உள்ளே விலகினால் அத்தானின் கை போய்விடும், வெளியே விலகினால் வெறும் குற்றி. நடுவில் எனக்கு இருந்த இடம் அரை விரல் அகலம்.

முதல் நாள் பன்னிரண்டு அம்பு எய்தேன். ஒன்பது குற்றியில். மூன்று நடு மணலில். ஐயோ என்று என் கையை நானே பிடித்துக்கொண்டேன்.

குறி சரிவராததற்கு ஒவ்வொன்றாகக் காரணம் தேடினேன். தப்ப விடும்போது நான்கு விரல் விலகினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் என்னிடம் இருந்த பிழைகள் எல்லாம் அத்தனை வருடமும் ஒளிந்திருந்தன. அம்பு போய்ச் சேருமுன்னமே எங்கே போகிறதென்று பார்க்க வில் பிடித்த கையைக் கீழே இறக்கிவிடுவேன். அதை நிறுத்தவே இரண்டு கிழமை போனது. அம்பு குற்றியில் ஏறிய சத்தம் கேட்கும்வரை கையை அசைக்கக்கூடாதென்று எனக்கு நானே சட்டம் போட்டேன். நாணை விடும்போது விரல்களைச் சுண்டுவேன். சுண்டினால் அம்பின் வால் ஆடும். விரலைத் திறக்காமல், பிடி தானாகத் தளரும்படி, கையைக் காதுப் பக்கம் பின்னுக்கு விடப் பழகினேன். ஒரு கண்ணை மூடுகிற பழக்கத்தையும் விட்டேன். இரண்டு கண்ணும் திறந்திருந்தால்தான் தூரம் பிடிபடுகிறது.

அம்புகளையும் சும்மா விடவில்லை. ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். சிலது விறைப்பு, சிலது இளக்கம். ஒரே வில்லில் ஒன்று இடத்துக்கு ஓடும், மற்றது வலத்துக்கு. பதினைந்தில் தேறியது இரண்டு. அந்த இரண்டையும் மட்டும் நூல் கட்டி அடையாளம் வைத்தேன்.

புரட்டாதியில் வலப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பிடுங்கிய பிறகு அம்பெல்லாம் வலத்துக்கு இரண்டு விரல் விலகத் தொடங்கிவிட்டது. சனியன், வில்லை மாற்றினேன், நாணை மாற்றினேன், நின்ற இடத்தை மாற்றினேன், வாயில் வந்தபடி தூசணமும் சொன்னேன். ஒன்றுக்கும் அசையவில்லை. பிறகுதான் பிடிபட்டது. நாணை இழுத்து வாயோரம் வைப்பேன். பல் போன இடத்தில் கன்னம் உள்ளே குழிந்திருந்தது, நாணும் அதோடு உள்ளே போயிருந்தது. அன்றிலிருந்து கன்னத்தை நம்பாமல் தாடை எலும்பின் கீழே பெருவிரலை முட்டக் கொடுத்து நிறுத்தினேன். எலும்பு குழியாது.

கார்த்திகை மழை விட்ட பிறகு ஒருநாள், எந்த இடத்தைப் பார்ப்பதென்ற சிக்கலும் தீர்ந்தது. கையைப் பார்த்தால் அம்பு கையின் நடுவில் போகிறது. குற்றியைப் பார்த்தால் குற்றிக்குப் போகிறது. சட்டைக் கையின் வெளிப்பக்கமாக ஒரு தையல் ஓடுகிறதே, அதில் ஒரே ஒரு தையலைப் பார்த்தேன். வேறொன்றையும் பார்க்கவில்லை. அம்பு துணியைக் கீறிக்கொண்டு குற்றியில் ஏறியது. மணல் சொரசொரவென்று கொட்டியது. மார்கழி முழுக்க அந்த ஒற்றைத் தையலை எய்தேன். வாடைக்காற்றுக் கிளம்பி இடப்பக்கமாக அடித்தபோது அதற்கும் விட்டுப் பிடிக்கப் பழகினேன். பத்தில் ஒன்பது உரசியது. பத்தாவது வெளியே போகும், உள்ளே போகாது.

இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். குறி சரிவரச் சரிவர எனக்குப் பெடியன் மறந்துபோனான். அத்தானும் மறந்துபோனார். வலை காயவைக்கும்போதும், சோறு தின்னும்போதும், கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அந்த ஒற்றைத் தையல்தான் எனக்கு முன்னால் நின்றது. எப்போது தை பிறக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனைக் காயப்படுத்தப் போகிறேன் என்ற பயம் எங்கோ போய், என்னால் இது ஏலும் என்ற தடிப்பு வந்துவிட்டது. வெட்கக்கேடு.

திருநாளன்று பின்னேரம் பூசை முடிந்து சனம் முற்றத்தில் கூடியது. முந்தின நாள், நூல் கட்டிய இரண்டு அம்பின் ஆணி முனைகளையும் அவித்து, ஸ்பிரிட்டில் துடைத்து வைத்திருந்தேன். அத்தானை வெள்ளைச் சட்டையோடு கொண்டுவந்து தூணில் கட்டினார்கள். கைகள் பின்னுக்கு. எய்யுமுன் சேவகன் போய் வேதசாட்சியின் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அது பாட்டில் இல்லை, வெறும் பேச்சு, மற்றவர்களுக்குக் கேட்காது. நான் முழங்காலில் இருந்து, "அத்தான், இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்ல. தப்ப விடட்டே?" என்று கேட்டேன்.

"தப்ப விட்டியெண்டால் செத்தாலும் உன்னோட கதைக்கமாட்டன்," என்றார். முகம் சிரித்தபடியே இருந்தது.

பன்னிரண்டு கவடு அளந்து திரும்பி நின்றேன். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார். அத்தான் பாடத் தொடங்கினார். முதல் அம்பு வலத்தோளுக்கு வெளியே ஏறியது. இரண்டாவது விலாவுக்கு வெளியே. சனம் மூச்சு விட்டது. மூன்றாவதற்கு நூல் கட்டிய அம்பை எடுத்தேன். மூன்று கூத்திலும் செய்யாததை அப்போது செய்தேன். முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கோயில் வாசலுக்கு வெளியே, ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு பாடினார். தப்ப விடு என்று மனம் சொன்னது. அதற்குள் பெருவிரல் போய்த் தாடை எலும்பில் முட்டிவிட்டது. கண் வெள்ளைச் சட்டையின் தையலுக்குப் போய்விட்டது. ஐந்து மாதம் பழகிய கை என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

குற்றியில் ஏறிய சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் கையை இறக்கினேன். சட்டைக் கை நீளத்துக்குக் கிழிந்து, ரத்தம் முழங்கைக்கு வந்து, பின்னால் கட்டியிருந்த விரல்களால் சொட்டியது. "என்ர மாதாவே!" என்று பெண்கள் கத்தினார்கள். பாதர் கதிரையைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். அத்தான் பாட்டை நிறுத்தவில்லை. கடைசி அடிவரை பாடி முடித்தார், குரல் அசையவில்லை. அக்கா சனத்தைப் பிய்த்துக்கொண்டு வந்து என் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். "கை நடுங்கிப் போச்சக்கா," என்றேன். பொய். அந்தக் கை ஒரு மயிரளவும் நடுங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரணஜன்னி வராமலிருக்க ஏற்பூசி போட்டு, காயத்தைத் தைத்து அனுப்பினார்கள். மூப்பர் எல்லாருக்கும் முன்னால் என்னிடமிருந்து வில்லைப் பறித்தார். "கண் தெரியாட்டி முதலே சொல்லியிருக்க வேணும். இனி இந்த வில்லில கை வைச்சியெண்டால் தெரியும்," என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் குணத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

அத்தானுக்கோ புது உயிர் வந்துவிட்டது. காயம் ஆறுமுன்னமே பெடியனின் பழைய சைக்கிளை இறக்கித் துடைத்து, ரயர் இரண்டும் மாற்றினார். பின்னேரமானால் தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாண பஸ் நிற்கும் சந்திக்குப் போய் நிற்பார். ஒரு கிழமைக்கு மேல் அவரால் மனதில் வைத்திருக்க முடியவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அக்கா அன்றே புட்டும் மீன் பொரியலும் கொண்டு என் வீட்டுக்கு வந்து, என் வலக்கையைப் பிடித்துக் கொஞ்சினாள். "இந்தக் கைக்கு ஒரு குறையும் வராது ராசா. அண்டைக்கு நான் அடிச்சதை மனசில வைச்சிராத," என்று அழுதாள். நான் புட்டைத் தொடாமல் மூடி வைத்தேன்.

மாசி போனது. தவக்காலம் போய் உயிர்த்த ஞாயிறும் வந்தது. பஸ்ஸில் யார் யாரோ வந்து இறங்கினார்கள். வைகாசியில் ஒருநாள் பின்னேரம் அத்தான் சந்திக்குப் போகவில்லை. என் வளவுக்கு வந்தார். முந்தி வந்து குந்திய அதே இடத்தில் குந்தவில்லை, நின்றபடியே கேட்டார்.

"தம்பி, நாங்கள் சரியாத்தானே செய்தனாங்கள்?"

"ஓம் அத்தான்."

"நீ நினைச்ச இடத்திலதானே பட்டது?"

"நினைச்ச இடத்திலதான்."

"ஒரு பிழையும் இல்லையே?"

அந்த இடத்தில் நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் விலகிப் போச்சுது அத்தான், இன்னும் மேல பட்டிருக்க வேணும், அடுத்த கூத்தில பாப்பம் என்று. ஊர் முழுக்கப் பொய் சொன்ன வாய்க்கு இது ஒன்றும் பாரமில்லை. ஆனால் என் குறியைப் பற்றிக் கேட்டவுடனே அந்தப் பாழாய்ப்போன தடிப்பு முன்னுக்கு வந்து நின்றுகொண்டது. "அதைவிடச் சரியா ஒருத்தராலும் எய்யேலாது," என்றேன்.

அத்தான் தலையாட்டினார். "அப்ப அவன் இல்லை," என்றார். சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். அத்தனை வருடமும் அவரிடம் செய்யாத நேர்த்தி ஒன்று மிச்சமிருந்தது. பிள்ளை வராததற்கு அதுதான் காரணமென்று தன்னைத் தானே ஏசிக்கொண்டு இருக்க முடிந்தது. அந்த மிச்சத்தை நான் தீர்த்து வைத்துவிட்டேன்.

கார்த்திகை மாதம் மரித்த ஆத்துமாக்களுக்குப் பூசை. அந்த வருடம் செத்தவர்கள், முன்னர் செத்தவர்கள், யாருடைய பெயரைக் கொடுத்தாலும் பாதர் பீடத்தில் நின்று வாசிப்பார். நான் ஆண்கள் பக்கம் இருந்தேன். அத்தான் எனக்கு முன் வாங்கில். அக்கா அந்தப் பக்கம், எங்கள் அம்மாவின் பெயர் வரும்போது சிலுவை போட்டாள். அதற்கு நாலைந்து பெயர் தள்ளி, ஸ்பீக்கரில் அவளுடைய பிள்ளையின் பெயர் கேட்டது. முழுப்பெயரும். அத்தான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார், அவளிடம் சொல்லாமல். அக்கா எழும்பினாள். பாதர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அவள் யாரையும் பார்க்காமல் நடுவழியால் நடந்து வெளியே போனாள்.

பூசை முடிந்து வரும்போது கோயில் படலையடியில் நின்றாள். மற்றவர்கள் மெழுகுதிரியோடு சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தான் கையிலும் ஒன்று இருந்தது, எந்தக் குழியில் கொண்டுபோய் வைக்கப்போகிறாரோ தெரியாது. அக்கா அவரைப் போக விட்டாள். என்னைத்தான் மறித்தாள்.

"இனி நான் ஆரின்ர படத்தைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்குப் போறது? பெத்த தேப்பனே, பிள்ளை செத்துப்போனான் எண்டு எழுதிக் குடுத்திட்டார்."

"அக்கா, அவர் கேட்டதைத்தானே நான்..."

"கேப்பார். அவருக்கு மண்டை பிழைச்சு எவ்வளவு காலம். உனக்கு எங்க போச்சுது புத்தி?" கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் வலக்கையை, அன்றைக்குக் கொஞ்சிய அதே கையை, பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீ தப்ப விட்டிருந்தால், அடுத்தமுறை பாப்பம் எண்டு அந்த மனிசன் என்னோட இருந்து பாத்துக்கொண்டிருந்திருக்கும். மூண்டு பேருக்குத் தப்ப விட்டனி. என்ர பிள்ளைக்காக இன்னும் ஒருக்காத் தப்ப விட உனக்குத் தெரியேல்லையேடா."